டிரில் வாத்தியாரின் வியாழக்கிழமை

கயிற்றின் ஒரு முனையை முளைக்குச்சியில் கட்டிவிட்டு, மறுமுனையைக் கையில் வைத்துக்கொண்டு தாண்டவராயன் வாத்தியார் திடலைச் சுற்றிப் பார்க்கிறார். குரல் கொடுத்தால் பத்துப் பிள்ளைகள் ஓடி வருவார்கள். அவர் குரல் கொடுப்பதில்லை. வேப்பமரத்தடியில் யாருடனும் சேராமல் நிற்கிற பிள்ளையிடம் தானே நடந்து போகிறார். "இத்தப் புடி. வேற ஒண்ணும் செய்ய வாணாம்" என்று கயிற்றைக் கொடுத்துவிட்டு, சுண்ணாம்புத்தூள் சட்டியைத் தூக்கிக்கொண்டு கோடு போடக் கிளம்பிவிடுகிறார். வியாழக்கிழமை கடைசிப் பீரியடில் எங்கள் பள்ளித் திடலில் நடக்கிற காரியம் இது. தெரியாதவர்கள் பார்த்தால் விளையாட்டுக்குக் களம் தயாராகிறது என்றுதான் நினைப்பார்கள்.

வாத்தியாருக்கு ஐம்பதை ஒட்டிய வயது. மண்ணூருக்கு அடுத்த ஊர், எங்கள் ஊரேதான். ஏரிக்கு இந்தப் பக்கம் வீடும் கொஞ்சம் நிலமும் இருக்கின்றன. அவர் பேசுவதை முதல் தடவை கேட்கிறவர்கள் சண்டை போடுகிறார் என்று நினைத்துக்கொள்வார்கள். அவருடைய சைக்கிளுக்கு மணி கிடையாது, இதுவரை தேவைப்பட்டதில்லை. ஞாயிற்றுக்கிழமைதோறும் கேன்வாஸ் ஷூவுக்கு வெள்ளை அடித்து வாசலில் காயவைப்பார். பிள்ளைகளின் பெயர் அவருக்கு நிற்காது, ஆனால் ஓடுகிற விதம் நிற்கும். இருபது வருஷத்துக்கு முன்னால் படித்தவனைக் கடைத்தெருவில் பார்த்தால், "குதிங்கால் தரையில படாம ஓடுவியே, நீதான?" என்பார். அவன் இப்போது லாரி ஆபீஸில் கணக்கு எழுதுகிறவனாக, தொந்தியோடு நிற்பான். "ஆமா சார்" என்று வெட்கப்படுவான்.

நான் அதே பள்ளியில் சத்துணவு அமைப்பாளர்; என்னையும் 'டீச்சரம்மா' என்றுதான் கூப்பிடுவார்கள். பெயர் காந்திமதி. என் சமையல்கூடத்தின் வாசல் திடலைப் பார்த்தது. அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டே ஏழு வருஷமாக அவரைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். இந்த வருஷம் எங்கள் தாலுகா ஊரின் பெயர் எல்லாப் பத்திரிகைகளிலும் வந்துவிட்டது. வெளியூர்ச் சொந்தக்காரர்கள் என்னைப் பார்த்தால் ஸ்ரீபெரும்புதூர் என்று ஆரம்பித்து மே மாதம் நடந்த அந்தக் குண்டுவெடிப்பைப் பற்றித்தான் கேட்கிறார்கள். எனக்கு இந்த வருஷம் வேறு காரணத்துக்காக நினைவிருக்கும். அந்தக் காரணம் இந்த மனிதர்தான்.

போன வருஷம் சென்னையில் ஒரு தொண்டு நிறுவனம், பள்ளிக்கு ஓர் ஆசிரியரை அனுப்புங்கள், மனம் சோர்ந்துபோன பிள்ளைகளோடு உட்கார்ந்து பேசக் கற்றுத்தருகிறோம் என்று கடிதம் போட்டிருந்தது. வேறு எந்த ஆசிரியர் போனாலும் பாடம் நின்றுபோகும். டிரில் வாத்தியார் போனால் நிற்பதற்கு ஒன்றுமில்லை. தலைமையாசிரியர் இந்தக் கணக்குப் போட்டுத்தான் அவரை அனுப்பினார். பத்து நாள் கழித்துத் திரும்பி வந்தவரை ஆசிரியர் அறையில் சூழ்ந்துகொண்டார்கள்.

"இன்னா சார் கத்துக் குடுத்தாங்க?"

"வாயை மூடிக்கினு இருக்கக் கத்துக் குடுத்தாங்க. எனக்கு இன்னும் சரியா வரல" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அவர் உண்மையைத்தான் சொல்லியிருக்கிறார் என்பது எனக்குப் பிறகு தெரிந்தது.

அவர் வைத்திருக்கும் முறை சிக்கலில்லாதது. ஒரு பிள்ளைக்கு ஆறு வியாழக்கிழமை. முதல் நாளே அதைச் சொல்லிவிடுவார். "ஆறு தபாதான். அதுக்கு மேல என் மூஞ்சியப் பாத்தா உனக்கே சலிச்சுப் பூடும். ஆறுல தீரலன்னா ரெண்டு பேருமா டாக்டரைப் போய்ப் பாக்கலாம்." முடிவு தெரிந்த வேலை என்பதால்தான் பல பிள்ளைகள் ஒத்துக்கொள்கிறார்கள் என்று எனக்குத் தோன்றும்.

அம்சவல்லி என் மகள். பத்தாம் வகுப்பு. அவளைக் கேட்டுவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். "எழுதும்மா. ஆனா பேரை மாத்தாத. மாத்துனா நான் இன்னாவோ தப்பு பண்ணா மாதிரி ஆயிடும்" என்றாள்.

ஜூன் மாதம் பள்ளி திறந்தபோதே அவள் பழைய அம்சவல்லி இல்லை. தூங்கினாள், தூங்கி எழுந்தும் களைப்பாகவே இருந்தாள். தலை சீவ மாட்டாள். சாப்பாட்டுத் தட்டை முன்னால் வைத்துக்கொண்டு சோற்றில் கோடு கிழித்துக்கொண்டிருப்பாள். ஸ்ரீபெரும்புதூர் ஆஸ்பத்திரியில் காட்டினோம். ரத்தம் கம்மி என்று மாத்திரை கொடுத்தார்கள். மந்திரித்துக் கையில் கயிறு கட்டினோம். என் கணவர் பலராமன் நெடுஞ்சாலையில் போல்ட் செய்கிற கம்பெனியில் ஷிப்ட் வேலை பார்க்கிறார். "பத்தாவது பரீட்சை பயம். தன்னால செரியாப் பூடும்" என்றார். நானும் அதை நம்ப ஆசைப்பட்டேன்.

செப்டம்பரில் ஒரு நாள் தாண்டவராயன் வாத்தியார் சமையல்கூட வாசலில் வந்து நின்றார்.

"டீச்சரம்மா, உங்க பொண்ணு ரிங் ஆடறப்போ வளையம் கீழ வுழுந்தா குனிஞ்சி எடுக்க மாட்டேன்றா. வுழுந்த எடத்துலயே வுட்டுட்டுப் போய் உக்காந்துக்கறா. ரெண்டு வாரமா பாக்கறேன்."

"சோம்பேறித்தனம் சார். வூட்லயும் அப்பிடித்தான்."

"சோம்பேறிப் புள்ள குனியாது, ஆனா சிரிக்கும். இது சிரிக்கவும் காணோம்."

எங்கள் வீட்டில் மூன்று மாதமாக யாரும் வாய்விட்டுச் சொல்லாததை அவர் சமையல்கூட வாசலில் நின்று சொல்லிவிட்டார்.

வயதுக்கு வந்த பெண்ணும் ஆண் வாத்தியாரும் தனியாகப் பேசினால் ஊர் சும்மா இருக்காது. அவரே அதைச் சொன்னார். "தெறந்த வெளியிலதான் பேசுவேன். நீங்க இங்கியே உக்காந்து பாத்துக்கினே இருங்க. ஆனா கேக்கக் கூடாது. அப்பால வூட்டுக்குப் போயும் அவகிட்ட இன்னா பேசுனன்னு கேக்கக் கூடாது. முடியுமா?"

முடியும் என்றேன். சொல்லும்போது அது எவ்வளவு கஷ்டம் என்று தெரியாது.

காலாண்டு விடுமுறைக்குப் பிறகு, முதல் வியாழக்கிழமை அவர் கோடு போட்டார்; அவள் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இரண்டு பேர் வாயும் அதிகம் அசையவில்லை. நான் முறத்தில் ஒரே அரிசியைத் திரும்பத் திரும்பப் பொறுக்கிக்கொண்டிருந்தேன்.

இரண்டாவது வியாழக்கிழமை எல்லாம் கெட்டுப்போனது. நான் காதைக் கொடுக்கவே தேவையிருக்கவில்லை. அவர் குரல் சமையல்கூடச் சுவரில் மோதியது. "உனக்கு இன்னா கொறை? அப்பா கம்பெனி வேலை. அம்மா இங்க வேலை. படிப்பும் நல்லா வருது. உன் வயசுல எத்தினி பொண்ணுங்க செங்கல் சூளையில வேகுதுங்க தெரியுமா? தைரியமா இருக்க வாணாமா?" இப்படியே போனது. நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். அம்சவல்லி கயிற்றை மெதுவாகத் தரையில் வைத்துவிட்டு, கேட்டைத் தாண்டி வீட்டுக்குப் போய்விட்டாள். மறுநாளிலிருந்து பள்ளிக்கூடம் வரவில்லை. சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் வாத்தியார் சைக்கிளில் வந்தார். என் கணவர் நைட் ஷிப்ட் முடித்துத் தூங்கப் போன நேரம். எரிச்சலோடு எழுந்து வந்து, "வாத்தியாருக்கு வூட்ல இன்னா வேலை?" என்று என்னிடம் முணுமுணுத்தார். வாத்தியார் உள்ளே வரவில்லை. வாசலில் நின்றபடி, சாத்தியிருந்த அறைக் கதவைப் பார்த்துப் பேசினார்.

"யம்மா அம்சவல்லி. அன்னிக்கு நான் பேசுனது தப்பு. உன்னைப் பேச வுடாம நானே பேசிக்கினு இருந்துட்டேன். உனக்குக் கொறை இல்லன்னு சொல்ல நான் யாரு? அதைச் சொல்லிட்டுப் போலாம்னு வந்தேன். நீ வரணும்னு இல்ல."

அவருக்கு மெதுவாகப் பேச வராது என்று சொன்னேன் அல்லவா? எதிர் வீட்டில் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தவள் எழுந்து நின்றுவிட்டாள். தெருக்கோடியில் குழாயடியில் நின்ற பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஊருக்கே டிரில் சொல்லித்தந்த மனிதர், பதினைந்து வயசுப் பெண்ணிடம் மன்னிப்புக் கேட்பதைத் தெரு முழுக்கக் கேட்டது.

கதவு ஒரு விரல் அளவு திறந்தது. "சார், மெதுவா பேசுங்க. தெருவே கேக்குது" என்றாள் அம்சவல்லி.

அந்த வியாழக்கிழமைக்குப் பிறகு அவள் பேசிய முதல் முழு வாக்கியம் அது.

வாத்தியார் தலையை ஆட்டிவிட்டு சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார். என் கணவர் வெகுநேரம் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார். "நம்மகிட்ட யாராச்சும் வாத்தியாரு இப்பிடிப் பேசிக்கீறாங்களா?" என்று மட்டும் கேட்டார்.

அடுத்த வியாழக்கிழமை அவள் திடலில் நின்றாள். அன்று பேசினது அவள்தான். முதலில் தலையைக் குனிந்துகொண்டு, பிறகு கையை ஆட்டி ஆட்டிப் பேசினாள். வாத்தியார் சட்டியைச் சாய்த்துப் பிடித்திருந்ததையே மறந்துவிட்டார். சுண்ணாம்புத்தூள் காற்றில் பறந்து அவர் பேன்ட்டையும் ஷூவையும் வெள்ளையாக்கியது. அவர் வாய் திறக்கவில்லை. மணி அடித்த பிறகும் இருவரும் நின்றார்கள். பிறகு என்னை நோக்கி நடந்து வந்தார்கள். மகள் முகத்தைப் பார்த்ததும் முறத்தை இறக்கி வைத்துவிட்டு எழுந்தேன்.

"டீச்சரம்மா, இவகிட்ட சொல்லிட்டுத்தான் உங்ககிட்ட சொல்றேன்" என்றார். அந்தக் குரலைக் கேட்க நான் முன்னால் குனிய வேண்டியிருந்தது. "செத்துப் பூட்டா தேவலைன்னு இவளுக்குத் தோணிக்கினே கீது. மத்தது எதையும் நான் உங்ககிட்ட சொல்ல மாட்டேன். இந்த ஒண்ணை மட்டும் மறைக்கக் கூடாது. மறைக்க மாட்டேன்னு மொத நாளே இவகிட்ட சொல்லிக்கீறேன்."

நான் அம்சவல்லியைப் பிடித்துக்கொண்டேன். "ஏண்டி" என்று வாய் எடுத்தேன். வாத்தியார் குறுக்கே கையை நீட்டினார்.

"அழுவணும்னா அழுங்க. ஏன் ஏன்னு மட்டும் கேக்காதீங்க. அது இவளுக்கே தெரியாது. பயிருக்கு அடிக்கிற மருந்து வூட்ல இருந்தா இன்னிக்கே வெளிய போவணும். இவளைத் தனியா வுடக் கூடாது. சனிக்கிழமை மெட்ராஸ்ல டாக்டரைப் பாக்கறோம். நானும் வரேன்."

வீட்டில் பரண்மேல் பூச்சிமருந்து டப்பா ஒன்று இருந்தது. மாலையில் என் கணவரிடம் விஷயத்தைச் சொன்னேன். ஏணி போட்டு ஏறி டப்பாவை எடுத்து, சாக்கில் சுற்றி, சைக்கிள் கேரியரில் கட்டிக்கொண்டு போனார். யாரிடம் கொடுத்தாரோ, நான் கேட்கவில்லை. திரும்பி வந்து கைகால் கழுவிக்கொண்டு மகள் பக்கத்தில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார். அன்று கம்பெனியில் அவருக்கு ஓ.டி., கூடுதல் நேர வேலை, இருந்தது. போகவில்லை.

சனிக்கிழமை பஸ்ஸில் நாங்கள் நான்கு பேரும் போனோம். பூந்தமல்லியில் ஜன்னல் வழியாக வாத்தியார் வேர்க்கடலைப் பொட்டலம் வாங்கி, எதுவும் சொல்லாமல் அம்சவல்லி மடியில் வைத்தார். அவள் பாதி தின்றாள். பெரிய ஆஸ்பத்திரியில் டாக்டர் அம்மா அவளோடு தனியாக வெகுநேரம் பேசினார். பிறகு எங்களைக் கூப்பிட்டு, இது நோய்தான், திமிரும் இல்லை, பேயும் இல்லை என்றார். வாத்தியார் செய்வது நடக்கட்டும், மாதம் ஒருமுறை அழைத்து வாருங்கள், மோசமாகத் தெரிந்தால் அன்றைக்கே வாருங்கள் என்றும் சொன்னார். நோய் என்று கேட்டதும் மற்றவர்கள் பயப்படுவார்கள். எனக்கு நெஞ்சிலிருந்து ஒரு மூட்டை இறங்கினது போல இருந்தது. நோய் என்றால் மருந்து இருக்கும், மாறும், போகும்.

நான்காவது வியாழக்கிழமைக்குப் பிறகு வீட்டில் சில சின்ன வேலைகள் ஆரம்பித்தன. காலையில் எழுந்ததும் வெயிலில் கொஞ்ச நேரம் நிற்க வேண்டும். தலை சீவ வேண்டும். ஞாயிற்றுக்கிழமை தோழி வீட்டுக்குப் போய்வர வேண்டும். இதை அவளேதான் எங்களிடம் சொன்னாள். "புடிச்சா செய்யி, புடிக்கலன்னாலும் செய்யி, செஞ்சப்போ எப்பிடி இருந்திச்சின்னு மட்டும் வந்து சொல்லுன்னாரு" என்றாள். ஒரு நாள் காலை நான் தண்ணீர்க் குடத்தோடு வந்தபோது, அவள் முற்றத்தில் வெயிலுக்கு முகத்தைக் காட்டியபடி சீப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றாள். சிக்கு விழுந்த தலையில் சீப்பு இறங்கவில்லை. நான் உதவட்டுமா என்று கேட்க வாயெடுத்து, அடக்கிக்கொண்டேன். அவளே வந்து, "இந்தாம்மா, பின்னாடி மட்டும் எடுத்து வுடு" என்று சீப்பை நீட்டினாள்.

ஐந்தாவது வியாழக்கிழமை நவம்பர் மழை கொட்டியது. திடலில் கணுக்கால் தண்ணீர். வாத்தியாரும் அவளும் ஒதுங்க வேறு இடமில்லாமல் என் சமையல்கூடத் தாழ்வாரத்துக்கு ஓடிவந்து நின்றார்கள். நான் உள்ளே இருந்தால் எல்லாமே காதில் விழும். கேட்க மாட்டேன் என்று வாக்குக் கொடுத்திருக்கிறேன். என்ன செய்வது? குடையை எடுத்துக்கொண்டு திடலின் நடுவில் போய் நின்றேன். குடை சின்னது, சேலை முழங்கால்வரை நனைந்தது. எட்டாம் வகுப்பு ஜன்னல் முழுக்கப் பிள்ளைகள் என்னை வேடிக்கை பார்த்தார்கள். அப்போது தாழ்வாரத்திலிருந்து சத்தம் வந்தது. திரும்பிப் பார்த்தேன். அம்சவல்லி தூணைப் பிடித்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தாள்.

"யம்மா, உள்ள வா. இன்னாத்துக்கு மழையில நிக்கற?"

மழையில் நின்றதால் ஒரு சௌகரியம். கண்ணைத் துடைத்துக்கொள்ள வேண்டியிருக்கவில்லை.

ஆறாவது நாள், மறுபடி இந்தச் சோர்வு வந்தால் யாரிடம் முதலில் சொல்வாய் என்று வாத்தியார் அவளைக் கேட்டாராம். வீட்டுக்கு வந்து என்னிடம் சொன்னாள். "மொதல்ல அப்பாகிட்ட, அப்பால உன்கிட்ட." எனக்கு ஒரு கணம் சுருக்கென்றது. உடனே அதுவும் நல்லதுதான் என்று பட்டது. என் கணவருக்கு இந்தச் செய்தி போனபோது சட்டைப் பித்தானைப் போட்டுக்கொண்டிருந்தார். தப்பான துளையில் போட்டுக்கொண்டே ஷிப்டுக்குப் போய்விட்டார்.

அதற்கப்புறம் இரண்டு வாரம் வாத்தியார் அவளைக் கண்டுகொள்ளவில்லை. டிசம்பரில் ஒரு காலை, பிரேயர் வரிசையில் அம்சவல்லி பக்கத்துப் பெண்ணோடு பேசிக்கொண்டிருந்தாள். "ஏய் அம்சவல்லி. லைன்ல நில்லு. வாயை மூடு" என்று இடி விழுந்தாற்போல் ஒரு சத்தம். மற்ற பிள்ளைகள் மிரண்டார்கள். என் மகள் நாக்கைக் கடித்துக்கொண்டு நேராக நின்றாள். அடுப்படியில் நான் பருப்புக் கடைகிற மத்தை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றேன். தான் பேசிக்கொண்டிருக்கிற பிள்ளைகளை அவர் வரிசையில் வைத்துத் திட்டுவதில்லை. இப்போது திட்டிவிட்டார்.

மறுநாள் வீட்டில் பாயசம் வைத்து ஒரு தூக்குச்சட்டியில் கொண்டுபோய் வாத்தியாரிடம் கொடுத்தேன். நின்றபடியே குடித்து முடித்து, "வெல்லம் கம்மி" என்றார். கேட்கக் கூடாது என்று தெரிந்தும், எல்லாம் முடிந்த தைரியத்தில் கேட்டேன்.

"அவ உங்ககிட்ட இன்னாதான் சார் சொன்னா?"

"மறந்துட்டேன் டீச்சரம்மா" என்றார். இருபது வருஷத்துக்கு முன்னால் ஓடினவனின் குதிங்காலை மறக்காத மனிதர்.

பத்திரிகைக்கு எழுதப்போகிறேன் என்றபோது, "என்னைப் பத்தி இன்னா கீது எழுத? வாலிபால் டீம் ஜில்லா வரைக்கும் போச்சே, அதை எழுதுங்க" என்றார். அதையும் எழுதிவிட்டேன்.

அம்சவல்லிக்கு இன்னும் சில காலைகள் கனமாகத்தான் இருக்கின்றன. முன்பு சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்வாள். இப்போது எழுந்து வந்து, "இன்னிக்குக் கொஞ்சம் கஷ்டமா கீதுப்பா" என்கிறாள். அவள் அப்பா டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டு அவளோடு ஏரிப் பக்கம் நடந்துவிட்டு வருகிறார். கம்பெனிப் பஸ் சில நாள் போய்விடுகிறது. ஆனால் அவள் இருக்கிறாள். இப்போது நான் இதை எழுதும்போது பின்னறையில் யாருக்கோ ரிங் ஆட்டத்தின் விதியைச் சத்தமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

போன வியாழக்கிழமை கடைசிப் பீரியடில், புதுக் கட்டடத்துக்குக் கொட்டியிருக்கும் ஜல்லிக்குப் பக்கத்தில் ஒன்பதாம் வகுப்பு மாணவன் ஒருவன் நின்றிருந்தான். உயரமான பையன். கொஞ்ச நாளாக என் சாப்பாட்டு வரிசைக்கு வருவதில்லை. தாண்டவராயன் வாத்தியார் அவனிடம் போனார். ஏதோ சொன்னார். பையன் நிமிரவில்லை. வாத்தியார் முழங்காலில் கையை ஊன்றி, சிரமப்பட்டுத் தரையில் உட்கார்ந்தார். பையன் நின்றுகொண்டே இருந்தான். அவர் தனக்குப் பக்கத்தில் சிதறிக் கிடந்த கற்களை உள்ளங்கையால் ஒதுக்கி, ஓர் ஆள் உட்காரும் அளவுக்கு இடம் பண்ணிவிட்டு, ரோட்டுப் பக்கம் திரும்பி லாரிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.